பார்க்காத மாதிரி

...மேடமாக இருக்காது, இருக்கவே முடியாது, அவர் எங்கே இந்தக் கோலம் எங்கே, வெள்ளிக்கிழமை சாயங்காலம், வெயில்கூட இன்னும் முழுசாக இறங்கவில்லை, இந்த வெளிச்சத்தில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கே தலைவியாக இருப்பவர் பஸ் நிறுத்தத்துக் கண்ணாடித் தடுப்பில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நடைபாதையில் காலை நீட்டி உட்கார்ந்து பாடிக்கொண்டா இருப்பார், அதுவும் ஒரு காலில் செருப்பு, இன்னொரு கால் வெறுங்கால்... ஆனால் அந்த ஒட்ட வெட்டிய நரைமுடி, கழுத்தில் மணிச்சங்கிலியில் தொங்குகிற அந்த மூக்குக்கண்ணாடி, அதன் வழியாகத்தானே புதன்கிழமை இவளுடைய சான்றிதழ்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அவரேதான். அட கடவுளே, இந்த ஊரில் இத்தனை பஸ் நிறுத்தம் இருக்க, இவள் தினமும் நிற்கிற இதே இடத்தில்தான் வந்து உட்கார வேண்டுமா? ஹோட்டலின் பின்வாசல் வழியாக வெளியே வந்து, சலவை அறையின் ப்ளீச்சிங் நெடி இன்னும் விரலைவிட்டுப் போகாமல், எதிர்ச்சாரி மதுக்கடை வாசலில் கையில் கிளாசோடு நின்று சிரிக்கிற கூட்டத்தைப் பார்த்தும் பார்க்காமலும் சாலையைக் கடந்து வந்தவள், நிறுத்தத்துக்கு நாலடி தள்ளியே நின்றுவிட்டாள். திரும்பிப் போய்விடலாமா, அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துவிடலாமா... பகல் முழுக்க நின்று நின்று ஈரப் படுக்கைவிரிப்புகளை உதறி மடித்த கால், அது ஒரு அடிகூட எடுத்து வைக்க மாட்டேன் என்றது.

திங்கட்கிழமை சொல்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். இந்த ஊருக்கு வந்து படிப்பை முடித்ததிலிருந்து அனுப்பிய விண்ணப்பங்களுக்கு வந்த பதில்களை வைத்தால் ஒரு புத்தகமே போடலாம், எல்லாம் ஒரே அச்சு, உங்கள் தகுதி எங்களை மிகவும் கவர்ந்தது, ஆனால்... அந்த ஆனாலுக்குப் பிறகு இவள் படிப்பதையே விட்டுவிட்டாள். நேரில் கூப்பிட்டதே இந்த ஓர் இடம்தான். உணவுப் பொருட்களில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற இடம், இவள் படித்த படிப்பு, இவள் ஆசைப்பட்ட வேலை, கண்ணாடித் தட்டில் முளைத்திருக்கிற புள்ளிகளைக் குனிந்து எண்ணுவது, அதில் என்ன சுகம் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது, சிலருக்குக் கோலம் போடுவதில் இருக்கிற சுகம் போல ஒன்று. இதுவும் கைவிட்டுப் போனால் இந்த மாதக் கடைசியோடு இங்கே தங்குவதற்கான அனுமதி முடிகிறது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பெட்டியைக் கட்டுவதுகூடப் பெரிய விஷயமில்லை, போய் இறங்கியதும் அத்தை வந்து உட்கார்ந்து, இத்தனை தூரம் போய்ப் படிச்சு என்னத்தக் கிழிச்ச என்று வாயால் கேட்காமல் பார்வையால் கேட்பாளே, அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறாள்? அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். போனில், வேலை கிடைச்சா பாரு, கிடைக்கலேன்னா வந்துரும்மா, நம்ம வீடு எங்க போகுது என்றுதான் சொன்னார். அதில்தான் இவளுக்கு அன்று ராத்திரி தூக்கம் போனது.

புதன்கிழமை எவ்வளவு நன்றாகப் போயிற்று, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. மேடமும் பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனும் எதிரில், அவன் சட்டையின் முழுக்கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான், மேடம் மடிப்புக் கலையாத சாம்பல் நிறக் கோட்டில். உங்க குறை என்னன்னு ஒண்ணு சொல்லுங்க என்று கேட்டார். இந்தக் கேள்வி வரும் என்று, இவள் தங்கியிருக்கிற அறைக்குப் பக்கத்து அறை நர்ஸ் அக்கா முன்பே சொல்லி, பதிலையும் உருப்போட வைத்திருந்தாள், எதையும் கச்சிதமா முடிக்கிற வரைக்கும் விட மாட்டேன், அதுதான் என் குறை. மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அது குறை இல்லம்மா, தற்பெருமை. இந்த நாற்காலியில உக்காந்து எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. நெஜமா ஏதாவது நடந்திருந்தா அதச் சொல்லுங்க." அப்போதுதான் இவள் உருப்போட்டதையெல்லாம் மறந்து, கல்லூரியில் பால் மாதிரியை வெளியிலேயே வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனதையும், திரும்பி வந்து எடுத்த கிருமி எண்ணிக்கையைப் பார்த்து ஊரே கொள்ளை நோயில் போகப்போகிறது என்று பேராசிரியரிடம் ஓடியதையும் சொன்னாள். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார், அந்த இளைஞன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். அடுத்த கேள்வி, கூடத்தில் உங்களுக்கு மேலே இருக்கிற ஒருத்தர் தப்பு செய்வதைப் பார்த்தால் என்ன செய்வீங்க? உடனே அவர்கிட்டயே சொல்லிடுவேன் என்றாள். சொன்னவளுக்கே அது எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியம், ஏனென்றால் பிறந்ததிலிருந்து தனக்குப் பெரியவர் ஒருவரிடம் நீங்கள் செய்வது தப்பு என்று அவள் சொன்னதே கிடையாது.

இந்த ஊரில் குடிப்பது என்பது... அதைப் பார்த்துப் பழகவே அவளுக்கு நாளாயிற்று. வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, டை கட்டிய ஆள் ஒருவர் விளக்குக்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதனிடம் ஏதோ நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார், இன்னொரு மூலையில் ஒரு பெண் பூந்தொட்டிக்குள் குனிந்து வாந்தி எடுக்க, தோழி அவள் முடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எடுத்து முடித்தவள் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, வாயைப் பிளந்து நின்ற இவளைப் பார்த்து, மாலை வணக்கம் என்றாள். நர்ஸ் அக்காவிடம் வந்து சொன்னபோது அவள் காலுக்குத் தைலம் தேய்த்தபடியே சொன்னாள், "இதுக்கெல்லாம் அசராத. வெள்ளிக்கிழமை ரோட்டுல உருளுவாங்க, திங்கட்கிழமை சலவை மடிப்போட வந்து உனக்குப் புத்தி சொல்லுவாங்க. ரெண்டும் ஒரே ஆளுதான்." அது எப்படி ஒரே ஆளாக இருக்க முடியும்? பார்த்தவர்கள் மறந்துவிடுவார்களா? மறக்காவிட்டால், அடுத்த நாள் எந்த முகத்தோடு எதிரில் வந்து நிற்பது? அவள் வளர்ந்த தெருவில் அதற்கு வேறு ஏற்பாடு இருந்தது.

ஏற்பாடு என்றுதான் சொல்ல வேண்டும், யாரும் கூடி முடிவெடுக்காவிட்டாலும். பெரியப்பா கணக்கு வாத்தியார், தெருவில் பாதிப்பேர் அவரிடம் காதில் திருகு வாங்கியவர்கள், பகலில் அவர் நடந்து போனால் சைக்கிளில் வருகிறவன்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். விளக்கு வைத்த பிறகு வேறு மாதிரி வருவார். தெருமுனையில் அவருடைய குரல் கேட்டதும் அம்மா, "பெரியப்பா வர்றாரு, உள்ள வா" என்பாள், இவள் விளையாட்டைப் போட்டுவிட்டு உள்ளே ஓடுவாள், எதிர்வீட்டில் கதவு சாத்துகிற சத்தம், அடுத்த வீட்டில் விளக்கு அணைகிற சத்தம், ஒரு நிமிஷத்தில் அந்தத் தெருவே ஆளில்லாத தெருவாகிவிடும். அவர் தள்ளாடியோ விழுந்தெழுந்தோ தன் வீடு போய்ச் சேர்வார், யாரும் பார்க்கவில்லை. காலையில், என்ன வாத்தியாரே காபி ஆச்சா என்று அதே கும்பிடு. வாத்தியார் மானத்தை நாமதான காப்பாத்தணும் என்பார் அப்பா. எவ்வளவு நாகரிகமான ஜனங்கள் என்று அவளுக்குப் பெருமைகூட உண்டு, நர்ஸ் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள், இங்கே மாதிரி நடுத்தெருவில் மானம் போக விட மாட்டோம், எங்கள் பக்கத்தில் பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவோம் என்று. அக்கா தைல மூடியை இறுக்கினாள்.

ஆக, செய்ய வேண்டியது தெளிவாகத்தான் இருந்தது. பார்க்கக் கூடாது. பார்த்தாலும் பார்த்தது மேடத்துக்குத் தெரியக் கூடாது. யோசித்துப்பார், தான் தரையில் கிடந்ததைப் பார்த்த ஒருத்தியை எந்த அதிகாரி தினமும் தன் கண்முன் உட்கார வைத்துக்கொள்வார், அவள் குட்மார்னிங் சொல்லும்போதெல்லாம் இது ஞாபகத்துக்கு வராதா, திங்கட்கிழமை காலையில் போனை எடுத்து, அந்தப் பெண் வேண்டாம், வேறு யாரையாவது பாருங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இவள் நிறுத்தத்தின் பக்கவாட்டுத் தடுப்புக்கு வெளியே ஒதுங்கி நின்று, அதில் ஒட்டியிருந்த பஸ் நேர அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தாள், தலைகீழாகச் சொல்லத் தெரிந்த அட்டவணை, ஏதோ தேர்வுக்குப் படிக்கிற மாதிரி விரலை வைத்து வரிவரியாக. ஆனால் அது கண்ணாடித் தடுப்பு, அட்டவணைக்குப் பின்னால் அப்படியே மேடம் தெரிந்தார். பாட்டு நின்றுவிட்டது. வெறுங்காலைக் கையில் பிடித்து, அது யாருடையது என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டில் ஏதோ கொட்டிய கறை. புதன்கிழமை குறிப்பெடுத்த அந்த இளைஞன் மதுக்கடை வாசலிலிருந்து ஒரு தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து அவரிடம் கொடுத்துவிட்டு, வண்டி பிடிச்சிட்டு வர்றேன், எங்கயும் ஓடிராதீங்க என்று சிரித்துக்கொண்டே முனைக்குப் போனான். என்ன தைரியம், மேலதிகாரியிடம் இப்படிக் கேலி பேச. மேடம் தண்ணீரைக் குடித்தார், பாதி கழுத்தில் வழிந்தது, தலையைத் தூக்கினார், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த இவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஏய்... பால் பொண்ணு" என்றார். "பால வெளிய வச்சிட்டுச் சாப்பிடப் போன பொண்ணுதான நீ."

இவள் கேட்காத மாதிரி நின்றாள். இன்னொரு தடவை கூப்பிட்டார், இப்போது சந்தோஷமாக, நெடுநாள் தெரிந்த ஒருத்தியைச் சந்தையில் பார்த்தவர் மாதிரி, "இங்க வாம்மா, கையக் குடு, எந்திரிக்கணும்" என்று வலது கையை நீட்டினார். பஸ்ஸுக்காக நின்ற ஒரு கிழவர் நாளிதழிலிருந்து தலையைத் தூக்கி இவளைப் பார்த்தார். இனிமேல் கேட்காத மாதிரி இருக்க முடியாது. என்ன செய்வது, கையைக் கொடுத்தால் பார்த்ததாக ஆகிவிடும், ஓடினால் அவமதித்ததாக ஆகிவிடும், பார்க்கவும் கூடாது, அவமதிக்கவும் கூடாது, அதற்கு என்ன வழி... வழி இருந்தது, அவளுடைய ஜனங்களில் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அதைத்தான் பிடித்திருப்பார்கள். இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு, அந்த ஊர் மொழியில் தனக்குத் தெரிந்த மிகப் பணிவான வார்த்தைகளைத் தேடி எடுத்து, தப்பில்லாமல் சொன்னாள்.

"மன்னிக்கணும், நீங்க யாருன்னு எனக்குத் தெரியலையே."

சொன்னதும் ஒரு நிம்மதிகூட வந்தது. எவ்வளவு பெரிய உபகாரம் செய்திருக்கிறோம், உங்களை நான் பார்க்கவே இல்லை, நீங்கள் விழவே இல்லை, புதன்கிழமை பார்த்த மேடமாகவே இருங்கள் என்று ஒரே வரியில் சொல்லியாயிற்று, மேடத்துக்குப் புரியாமலா போகும்? ஆனால் மேடத்தின் கை நீட்டியது நீட்டியபடி இருந்தது. அப்புறம் மெல்ல இறங்கி மடிக்கு வந்தது. மார்பில் தொங்கிய கண்ணாடியைத் தடவி எடுத்து மாட்டிக்கொண்டு இவளைப் பார்த்தார், பிறகு குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார், கறையை, நனைந்த கழுத்தை, வெறுங்காலை. அந்தக் காலை இழுத்துப் பாவாடைக்கு அடியில் மறைத்துக்கொண்டார். இவ்வளவு நேரம் நடுத்தெருவில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது அந்த முகத்தில் வெட்கம் என்று ஒன்று இல்லவே இல்லை, இப்போது வந்தது, காதுமடல்வரை வந்தது. "அப்படியா" என்றார். "மன்னிச்சுக்கம்மா. வேற யாரோன்னு நெனச்சிட்டேன்."

அந்த இளைஞன் திரும்பி ஓடிவந்தவன் இவளைக் கண்டதும் முகம் மலர, அட நீங்களா, எங்க இந்தப் பக்கம் என்று ஆரம்பித்தான். மேடம் அவன் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார். அவங்களத் தொந்தரவு பண்ணாத, நமக்குத் தெரிஞ்சவங்க இல்ல என்றார், அவ்வளவு போதையிலும் வார்த்தை குழறாமல். அவன் இவளையும் மேடத்தையும் மாறிமாறிப் பார்த்தான், ஒன்றும் பிடிபடவில்லை அவனுக்கு, அக்குளில் கைகொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தி, முனையில் நின்ற வாடகைக் காரை நோக்கி நடத்திக்கொண்டு போனான். மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, மதுக்கடை வாசலில் இருந்தவர்கள் கையசைத்ததற்குக்கூடப் பதில் சொல்லாமல், நொண்டி நொண்டிப் போனார். நொண்டி நொண்டி... ஏன் நொண்டுகிறார்? இவள் கீழே பார்த்தாள். அந்த ஒற்றைச் செருப்பு பெஞ்சுக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது, கறுப்பு, குதிகால் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்தது, பார்த்தால் யாருக்கும் அது ஒரு அதிகாரியின் செருப்பு என்று தோன்றாது.

போச்சு, எல்லாம் போச்சு, என்ன காரியம் செய்தாய், கையைத்தானே கேட்டார், வேலையையா கேட்டார்? அப்பாவாக இருந்தால் கொடுத்திருப்பாரா? அப்பா... அப்பாவும் ஒருநாள் எழுந்தார்தான். அன்று மழை விட்டிருந்த நேரம், விளக்கை அணைத்துவிட்டு வழக்கம்போல எல்லாரும் கூடத்தில் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருக்க, தெருக்குழாய்ப் பக்கம் பொத்தென்று ஒரு சத்தம், அப்புறம் பெரியப்பாவின் குரல், "யாராவது இருக்கீங்களாப்பா?" அப்பா எழுந்துவிட்டார், அம்மா கையைப் பிடித்து, நீங்க போனா அவருக்குத்தான் அவமானம், தானா எந்திரிச்சுப் போவாரு என்றாள். எதிர்வீட்டுக்காரரும் அப்படித்தான் கதவுக்குப் பின்னால் நின்றிருப்பார், அவருக்கு அடுத்த வீட்டுக்காரரும், எல்லாருக்கும் அவர் மேல் அவ்வளவு மரியாதை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை கேட்டது, யாராவது... அதோடு குரல் நின்றது, போய்விட்டார் போல என்று அப்பா விளக்கைப் போட்டார். காலையில் பால்காரர்தான் பார்த்தார். இடுப்பெலும்பு போய்விட்டது, அப்புறம் அவர் வாசல்படி தாண்டவில்லை, குடியும் நின்றது, ஒரு வகையில நல்லதாப் போச்சு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவளும் அதை நம்பித்தான் வளர்ந்தாள். அவர் குடிவெறியில் பிதற்றினார் என்றல்லவா நினைத்திருந்தாள், ஒவ்வொரு நாளும் தெருமுனையிலிருந்தே யாராவது இருக்கீங்களா என்று கேட்டுக்கொண்டே வருவாரே, அது பிதற்றலா? ஒரு ஆள் வெளியே வந்து, என்ன வாத்தியாரே என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டானா என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார், தெருவே சேர்ந்து, நீங்க யாருன்னு தெரியலையே என்றிருக்கிறது.

பஸ் வந்து கதவைத் திறந்தது. கிழவர் ஏறினார். முனையில் அந்தக் கார் இன்னும் கிளம்பவில்லை, காருக்குள்ள வாந்தி எடுத்தா யார் கழுவுறது என்று ஓட்டுநர் கையை ஆட்டிக்கொண்டிருக்க, இளைஞன் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான். இவள் பெஞ்சுக்கு அடியில் குனிந்தாள். இன்னொருவர் செருப்பைக் கையால் தொடுவது... தொட்டாள், எடுத்தாள், உள்ளே இன்னும் சூடு இருந்தது. ஏறலியாம்மா என்றார் பஸ் ஓட்டுநர். இல்லங்க, நீங்க போங்க என்று சொல்லிவிட்டு ஓடினாள், ஒரு கையில் செருப்போடு, மதுக்கடைக் கூட்டம் ஓவென்று கத்தி அவளுக்கு உற்சாகம் கொடுத்தது, கொடுக்கட்டும், இவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது. மேடம் இருக்கையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார், அழுதாரா, தண்ணீர் ஈரமா, தெரியவில்லை.

"மேடம், தெரியும் மேடம். புதன்கிழமை வந்தேன்ல, பால வெளிய வச்ச பொண்ணு."

மேடம் கண்ணைத் திறந்தார். செருப்பைப் பார்த்தார், அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், பர்சை வைத்துக்கொள்கிற மாதிரி.

"அப்பறம் ஏன் தெரியாதுன்ன?"

"மரியாதைக்கு" என்றாள் இவள்.

மரியாதைக்கா, என்று மேடம் தனக்குள் சொல்லிப்பார்த்துக்கொண்டார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை, அதற்குள் ஓட்டுநர் ஒருவழியாக மனம் இரங்கி வண்டியை எடுத்துவிட்டார். இளைஞன் பின்கண்ணாடி வழியாகக் கையைக் காட்டினான், அது போய்வருகிறேன் என்பதா, பார்க்கலாம் என்பதா? திங்கட்கிழமை போன் வருமா? வரும், ஏன் வராது, ஓடிப்போய்க் கொடுத்தோமே, அவர் மறக்க மாட்டார்... இப்படி ஒரு கணக்கு மனதுக்குள் ஓடியதும் அவளுக்குச் சுருக்கென்றது. ஓடியது எதற்காக? அந்த அம்மாவின் முகம் அப்படிச் சுண்டிப்போனதைப் பொறுக்க முடியாமலா, திங்கட்கிழமைக்காகவா? இந்த மாதக் கடைசி என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால், அவர் வெறும் ஒரு குடிகாரப் பொம்பளையாக இருந்திருந்தால், பஸ்ஸை விட்டிருப்பாளா? தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை. பெரியப்பாவால் தெருவில் யாருக்கும் ஆக வேண்டிய காரியம் ஒன்றுகூட இருந்ததில்லை. அவர் சொல்லிக்கொடுக்க வேண்டிய கணக்கையெல்லாம் எல்லாரும் எப்போதோ கற்று முடித்துவிட்டிருந்தார்கள். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, அவள் மதுக்கடையைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.